தளபதியின் நீலக் காது

விண்வெளித் தொடருக்காக ரப்பரிலும் கம்பியிலும் செய்யப்பட்ட நச்சுச்செடி, மூன்றாம் ஆண்டுப் படப்பிடிப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேர் விட்டது. அதைச் செய்தவளுக்கு இதில் பெரிய வியப்பில்லை. விரல்களில் எப்போதும் பசை காய்ந்திருப்பதால் அவள் எல்லாருக்கும் பசை அக்கா. கேமராவில் இலைகள் மினுங்க வேண்டுமென்று தினமும் தண்ணீர் தெளித்துத் துடைத்து வந்தாள். தெளித்த தண்ணீர் வீண்போகவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அவள் பயந்தது வேறொன்றுக்கு. கதைப்படி அந்தச் செடி எதிரிப்படையின் ஆயுதம். முள் பட்டவர் நீலம் பாரித்து ஏழு எண்ணுவதற்குள் சாய்வார். காலையில் முள்ளில் உட்கார்ந்த ஈ ஒன்று நீலமாகி, சரியாக ஏழாவது எண்ணில் விழுந்தது. பத்து மணிக்கு அந்த முள் தளபதி வேடக்காரரின் காதில் பாய வேண்டும். தளபதி செத்துத் தொடரை விட்டுப் போகும் காட்சி.

“செடியைத் தர மாட்டேன்,” என்றாள் பசை அக்கா.

“ஈதானேக்கா செத்துச்சு, ஆளா செத்தாங்க?” என்றார் இயக்குநர். “புதுசு செய்ய மூணு நாளாகும். அரங்கம் இன்னைக்கு மட்டும்தான்.”

“அப்ப உங்க காதை நீட்டுங்க.”

இயக்குநர் காதைத் தடவிக்கொண்டே நகர்ந்தார். ஆனால் தளபதி வேடக்காரரே வந்து நின்றார். நிழலைக் கண்டாலே நடுங்குகிற மனுஷர். “என்னால நாப்பது பேர் வேலை கெட வேணாம்க்கா,” என்றவர் செடியைப் பார்த்தார். “இதுவும் பாவம். மூணு வருஷமா இதைப் பாத்து எல்லாரும் கொல்லு, கொல்லுன்னுதானே கத்துறோம்? வேற என்ன தெரியும் அதுக்கு?” தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன் வேரில் ஊற்றினார்.

பசை அக்கா தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள். “ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்மா இவரு,” என்று செடியிடம் சொல்லிவிட்டு, யாரும் தடுக்குமுன் தன் விரலை முள்ளில் வைத்தாள். நாற்பது பேரும் எண்ணினார்கள். நான்கில் விரல் நீலமானது. ஏழு வந்தது, எட்டும் வந்தது. பசை அக்கா நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அதன்பின் காட்சியை எடுத்தார்கள். முள் பட்டதும் தளபதிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை முறை எடுத்தாலும் சாக முடியவில்லை. கதாசிரியர் அவருடைய சாவை அடித்துவிட்டு, மேலும் ஆறு வருஷத்துக்குக் கதை எழுதினார். காதின் நீலம் எந்தச் சோப்புக்கும் போகவில்லை. ஒப்பனைக்காரர் தினமும் மற்றக் காதுக்கும் நீலம் பூசிச் சரிசெய்துவிடுகிறார்.