இலேசான தோட்டாக்கள்

மூன்றாவது முறையும் கைத்துப்பாக்கி பாதியில் நின்றபோது அம்பலவாணனுக்குக் கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. மேலே ஓடும் ஸ்லைட் முழுதாகப் பின்னால் போகாமல் இடைவழியில் நின்று, வெளியே விழவேண்டிய, வெடித்த தோட்டாவின் பித்தளைக் கோதைப் பல்லிடுக்கில் கவ்வியதுபோல் பிடித்திருந்தது. அவர் துப்பாக்கியை இலக்குப் பலகைப் பக்கமே நீட்டியபடி, தோட்டா அடுக்கிய மகசீனைக் கழற்றினார். கோதை விரலால் நெம்பி எடுத்தார். பிறகு பின்னால் நின்ற றெஜினோல்டைத் திரும்பிப் பார்த்தார்.

றெஜினோல்ட் துப்பாக்கிச்சுடும் கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி. முன்பு பஸ் ஓட்டியவர். அம்பலவாணன் என்ற பெயரின் பின்பாதி அவர் நாவுக்கு ஒருநாளும் ஏறியதில்லை. 'மிஸ்டர் அம்பல்' என்றே கூப்பிடுவார். வெடித்த கோதுகளில் வீட்டில் திரும்ப வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களைப் பற்றி அவர் குறைகூறுபவரல்ல. கிளப்பில் பாதிப்பேர் அப்படித்தான் நிரப்பிக்கொண்டார்கள். ஆனால் மருந்து குறைந்த தோட்டா ஒன்றில் குண்டு குழாயிலேயே தங்கிவிட்டால், அடுத்தது சுடுபவர் கையில் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை சோதிக்கலாம் என்றார். அப்போதும் நின்றால், கடைசிப் போட்டியில் இந்தத் தோட்டாக்களுக்கு இடமில்லை.

கடைசிப் போட்டி என்பதை அந்த வசந்தத்தில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கைத்துப்பாக்கியை யாரும் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஜூலையிலிருந்து கைத்துப்பாக்கிகளைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். கடையில் வாங்கிய தோட்டாவைச் சுட அம்பலவாணனுக்கு ஏலாது. தபால் நிலையத்தில் வருடக்கணக்காகக் கடிதம் பிரித்த வலது மணிக்கட்டு, நாலைந்து வெடியில் வீங்கிவிடும். அதனால்தான் மருந்தைக் குறைத்து, மணிக்கட்டு தாங்கும் அளவுக்கு இலேசாகத் தானே நிரப்பினார். அது சரிவராவிட்டால் மே மாதப் போட்டியில் அவர் கதிரையில் இருந்து பார்க்கலாம். பிறகு பார்க்கவும் ஒன்றும் இராது.

ரெய்னர்ஸ் லேனில் வீட்டுக்கு வந்தபோது மனைவி சிவனேஸ்வரி குசினியில் இருந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"திரும்பவும் நிண்டுட்டுதோ?"

"ஓம்."

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச துவக்கு வெடிக்கேல்லை எண்டு நீங்கள் சாப்பிடாமல் இருக்கிறியள்."

பத்து வருடமாக அவள் சொல்வதுதான். முன்பு அதில் காரம் இருந்தது. இப்போது சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லக்கூடிய ஒன்றாகிவிட்டது.

மேல்மாடியின் சின்ன அறையில் அவருடைய மேசை இருந்தது. தோட்டா நிரப்பும், நெம்புகோல் வைத்த இரும்புக் கருவி ஒன்று, கோதுகளைத் துலக்கும் பழைய இயந்திரம், தராசு, மருந்து டப்பா, கடைசி மகளின் பழைய மேசைவிளக்கு. ஞாயிறு முழுவதும் யோசித்தார். மருந்தைக் கொஞ்சம் கூட்டி ஒரு தொகுதி நிரப்பி, வேலை முடிந்த ஒரு மாலை கிளப்பில் சுட்டுப் பார்த்தார். துப்பாக்கி ஓரளவு ஓடியது. ஆனால் துளைகள் பலகை முழுவதும் சிதறின. இரவு கையைச் சுடுதண்ணீரில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஸ்பிரிங்கை மாற்றலாம் என்று நினைத்தார். சில மாதத்தில் கையளிக்கப்போகும் துப்பாக்கிக்குப் புது ஸ்பிரிங் தேடி அலைய மனம் வரவில்லை.

பங்குனி மாதத்தில் இதே மருந்து, இதே அளவு, ஒரு தடவையும் நிற்காமல் ஓடியது. ஐந்து துளைகளை ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் மூடிவிடும். அதற்குப் பிறகு எதை மாற்றினார் என்று அவருக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை, மிஞ்சியிருந்த தோட்டா ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். குண்டைக் கழற்றி, மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார். கொட்டியது குறைவாக இருந்தது. கோதைத் தட்டினார், ஒன்றும் விழவில்லை. விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். அடியில் மருந்து மண்ணிறப் பொருக்காக ஒட்டியிருந்தது. தீக்குச்சியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். வெடிமருந்து மணத்துக்குள் வேறொரு மணம் இருந்தது. ரசத்தின் மணம்.

கீழே இறங்கிப் போனார்.

"இஞ்சேரும், இந்தக் கோதுகளை நீர் ஏதும் செய்தனீரோ?"

சிவனேஸ்வரி கையைத் துடைத்தாள். "ஓம், கழுவினனான். உங்கட மெசின் போட்ட சத்தத்தில தலை இடிச்சுது. நிப்பாட்டிப்போட்டு, குத்துவிளக்கு மினுக்கக் கரைச்ச புளி மிச்சம் கிடந்தது, அதில உரசி வைச்சன். நீங்களும் அந்தக் கையை வைச்சுக்கொண்டு ஒவ்வொண்டாத் தேய்க்கிறியள். நல்லா மினுங்கிச்சுதுதானே?"

"மினுங்கிச்சுது."

உண்மையில் அவர் அன்று சந்தோஷப்பட்டிருந்தார். கோதுகளை வால்நட் ஓட்டுத் தூளோடு போட்டுக் குலுக்கும் அந்தப் பழைய இயந்திரம் இத்தனை நாளுக்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று நினைத்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த கண்ணுக்குப் பளபளப்புத்தான் தெரிந்தது. உள்ளே பார்க்கவில்லை.

"உள்ளுக்கையும் புளி போயிட்டுது. காய்ஞ்சாலும் அது பிசுபிசுப்பு. மருந்து ஒட்டி ஈரமாப் போச்சு."

அவள் முகம் மாறியது. "அப்ப உங்கட கையில வெடிச்சிருக்குமோ?"

"வெடிக்காததுதான் கரைச்சல்" என்றார். குண்டு குழாயில் தங்குவது பற்றி அவர் சொல்லவில்லை.

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். தனக்கு இந்தத் துவக்கு விஷயம் பிடிக்காது என்பதால் வேண்டுமென்றே செய்ததாக அவர் நினைக்கக்கூடும் என்று பயந்தாள்; அதையும் வாய்விட்டுச் சொன்னாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். அவருக்குக் கால் வலித்தது. அவரும் உட்கார்ந்தார். பிறகு, கோதைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு சின்ன வாய்க்குள் புளியை எப்படிக் கரைத்து ஊற்றினீர் என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் தேநீர் போட எழுந்தாள்.

வெள்ளி இரவு, கொட்டிலில் கிடந்த, புகை பிடித்துக் கறுத்த பழைய கோதுகளைத் துணியால் மட்டும் துடைத்து, பங்குனி மாத அளவிலேயே நிரப்பினார். சனிக்கிழமை றெஜினோல்ட் அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். முதல் மகசீன் நிற்காமல் ஓடியது. கோதுகள் வலப்பக்கம் சீராக விழுந்தன. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதை றெஜினோல்ட் தானே வாங்கிச் சுட்டார். பிறகு பலகை வரைக்கும் நடந்துபோய்த் துளைகளைப் பெருவிரலால் அளந்தார். போட்டிக்குச் சரி என்றார். என்ன பிழை என்று கேட்டார்.

"ஈரம்" என்றார் அம்பலவாணன். மற்றதை ஆங்கிலத்தில் விளக்க அவருக்குக் களைப்பாக இருந்தது.

வீட்டில் சிவனேஸ்வரி கதவைத் திறந்துவிட்டு, கேட்காமல் நின்றாள்.

"ஓடிச்சுது."

"நல்லது." பிறகு மேலே பார்த்தாள். "அந்த மினுங்கின கோதுகளை என்ன செய்யிறது? எறியவோ?"

"கிடக்கட்டும்" என்று சப்பாத்தைக் கழற்றினார். "போட்டி முடியட்டும். பிறகு எல்லாத்தையும் புளி போட்டே கழுவும். இனி அதுக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் நிரப்பப் போறதில்லை."