கம்பத்துக்குக் கொண்டுபோக ஒரு மீன்

தக்கை அசைந்தது. ரபீக் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழியைத் தூக்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன் துள்ளியது. காலையிலிருந்து வந்ததெல்லாம் இதே ஜாதிதான். கொக்கியிலிருந்து கழற்றி ஆற்றிலேயே எறிந்தார். பக்கத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த முத்துவீரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றங்கரையில் பேசக் கூடாது, மீன் கலைந்துவிடும் என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

உத்தமபாளையத்தில் ரபீக்குக்கு உரக்கடை, முத்துவீரனுக்கு டிராக்டர் ஒர்க்ஷாப். இருவரும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் அல்ல. முல்லையாற்றுக் கெண்டை கொக்கியைக் கவ்விக்கொண்டு ஓடும்போது கழி வில்லாக வளையுமே, அந்த இழுவைக்காக வருகிறவர்கள். அந்த இழுவையைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆற்றின் மேற்பகுதியில் யாரோ மீனுக்காகத் தோட்டா வெடித்தார்கள். கோடையில் தேங்கி நின்ற தண்ணீரில் மீனைச் சாகடிக்க மருந்து கலந்தார்கள். ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த இடத்தை ஜிலேபி பிடித்துக்கொண்டது. இதெல்லாம் ரபீக்குக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்தார்.

காரணம் பக்கத்து ஊரான கம்பத்தில் இருந்தது. அவர் மனைவி நிலோபர் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய் எட்டு மாதமாகிறது. மாமனாருக்கு நெஞ்சுவலி என்று வீட்டுக்குப் போன் வந்த அன்று ரபீக் ஆற்றில் இருந்தார், செல்போன் கடையில் இருந்தது. அவள் தனியாக பஸ் ஏறினாள். மாமனார் பிழைத்துக்கொண்டார். நிலோபர்தான் திரும்பவில்லை. போய்க் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நிக்காஹ் முடிந்த புதிதில், தோளில் தொங்கவிட்டால் வால் இடுப்பில் இடிக்கும் ஒரு கெண்டையோடு விருந்துக்குப் போனவராயிற்றே. தெருவே கூடி வந்து பார்த்தது. அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை சமாதானத்துக்கு மட்டும் வெறுங்கையோடு போவதா? அதேபோல் ஒன்று மாட்டட்டும், அன்றைக்கே போய்விடலாம் என்று இருந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று வெகுநேரம் தக்கை அசையவில்லை. சட்டத்தை மீறியது முத்துவீரன்தான். வீட்டில் எப்போது வருவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். ரபீக்குக்கு என்ன தோன்றியதோ, மீன் விஷயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாய்விட்டுச் சொன்னபோது அவருக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது.

முத்துவீரன் சிரிக்கவில்லை. தூண்டில் நரம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"மாப்ள, இந்த ஆத்துல இனிமே அந்த மீனு கெடையாது. அது வரும்னு நீ இங்கன உக்காந்திருக்க. நீ வருவேன்னு அவுக அங்கன உக்காந்திருக்காக."

ரபீக்குக்குக் கண் கலங்கியது. கெண்டை இருந்திருந்தால் இந்த மனுஷன் வாயே திறந்திருக்க மாட்டார். ஆறு இப்படிக் காலியாகிப்போனதை நினைத்தால் வயிறு எரிந்தது. இப்படி ஒருத்தரைப் பக்கத்தில் உட்காரவைத்ததற்காக அதே ஆற்றைக் கும்பிடலாம் போலவும் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தபடி எழுந்தார். பஸ் ஸ்டாண்டு வரை முத்துவீரனே பைக்கில் கொண்டுபோய் விட்டார்.

கம்பத்தில் கதவைத் திறந்தது நிலோபர். சப்பாத்திக்குப் பிசைந்த மாவு கையில் ஒட்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கைகளைப் பார்த்தாள். பெரிய மீனோடு வரத்தான் காத்திருந்தேன் என்று ஆரம்பித்து, கெண்டை, தோட்டா, சாக்கடை என்று அவர் என்னென்னவோ உளறினார்.

"கைய வீசிக்கிட்டு வர்றதுக்கா இத்தன மாசம்?" என்றாள்.

புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு. அப்படியே கதவை விட்டு ஒதுங்கி நின்றாள். ரபீக் குனிந்து செருப்பைக் கழற்றினார். வாசற்படியில் ஆற்றுமணல் உதிர்ந்தது.