நாலணா சவாரி

முத்தாலம்மாளின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே விபத்தில் போன பாகம் எட்டாயிரம் ரூபாய் பெறும் என்றார் வக்கீல் வேதாசலம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். வஞ்சிரம் மீன் வாங்க வருகிறவர்கள் கூடையைப் பார்க்காமல் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டு விலை கேட்பார்களே, அந்த மாதிரி.

"இன்னா சார், அழுவுன மீனுக்கு சொல்ற வெல சொல்றீங்க?" என்றாள் முத்தாலம்மாள். "இருவது வருசமா தாம்பரத்துல தெருத்தெருவா நடந்த காலு சார் அது."

"காலுக்கெல்லாம் ஒரு ரேட் இருக்கும்மா. பெரிய ஆபீசர் கால்னா இருபது வரைக்கும் கேட்கலாம்."

"ஆபீசர் காலு ஃபேனுக்கு கீழ, மேசைக்கு அடியில சும்மா கெடக்குற காலு. அதுக்கு இருவது, நடந்து பொழைக்கிற காலுக்கு எட்டா?"

இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. வேதாசலம் மனுவில் பதினைந்தாயிரம் என்று எழுதிக்கொண்டார். பிறகு தன் பங்குக்கு வந்தார். வருகிற பணத்தில் ரூபாய்க்கு எட்டணா வேண்டும் என்றார். முத்தாலம்மாள் இரண்டணாவில் ஆரம்பித்தாள். அவர் ஆறில் நின்றபோது, கக்கத்தில் கட்டையைக் கொடுத்து எழுந்து வாசலை நோக்கிப் புறப்பட்டாள். ஒற்றைக் காலில் வாசலை அடைய நேரம் பிடிக்கும். பேரத்தில் அது ஒரு வசதி, எதிராளி மனம் மாற அவகாசம் கிடைக்கிறது. அவள் வாசல் நிலையைத் தொடுவதற்குள் வேதாசலம் நாலணாவுக்குச் சம்மதித்துக் கூப்பிட்டுவிட்டார். கால் போன பிறகு அவள் ஜெயித்த பேரம் அது ஒன்றுதான்.

முத்தாலம்மாளுக்கு ஊர் கோவளம். புருஷன் துலுக்காணம் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவருவதைக் கூடையில் வாரிக்கொண்டு கேளம்பாக்கம் வரை நடப்பாள். அங்கிருந்து தாம்பரம் போக வேண்டும். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விசிலைப் பிடித்து ஊதும் வித்தை அந்த வழிக் கண்டக்டர்கள் எல்லோருக்கும் கைவந்திருந்தது.

கேளம்பாக்கத்தில் குடியிருந்த வில்பிரட், தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாமனார் சீதனம் என்ற பெயரில் தலையில் கட்டிய பழைய கார் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு நாள் மழையில் கூடையோடு நின்றவளைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "ஏறிக்கோம்மா" என்றார். அவள் ஏறவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலணாக் காசு ஒன்றை நீட்டினாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா."

"போணி ஆவறதுக்கு முன்னாடி ஓசில ஏறினா, அன்னிக்குப் பூரா ஓசி கிராக்கிதான் சார் வரும். வாங்கிக்கினா ஏறுறேன். இல்லாங்காட்டி நீ போ சார்."

வில்பிரட்டுக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. மழையில் ஒரு பெண்பிள்ளையை நிறுத்தி வேதாந்தம் பேசவும் மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டார். மறுநாளும் வாங்கினார். சேர்ந்த காசை ஞாயிற்றுக்கிழமை கோயில் காணிக்கைப் பையில் போட்டுவிடுவார். மூன்று வருஷம் இப்படி ஓடியது. நாலணா கை மாறாமல் கூடை ஒரு நாளும் வண்டியில் ஏறியதில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், வண்டலூருக்கு வந்த இடத்தில், பள்ளிக்கு நேரமாகிறதென்று வில்பிரட் ஒரு வைக்கோல் வண்டியை முந்தப் பார்த்தார். எதிரே லாரி வந்தது. வாத்தியார் ஸ்டீரிங்கைத் திருப்பிய இடத்தில் புளியமரம் நின்றது. அவருக்குப் போனது இரண்டு பல். அவளுக்குக் கால். சங்கரா மீன் ரோடெல்லாம் கிடந்ததாகவும், பார்க்க வந்தவர்களில் சிலர் பொறுக்கிக்கொண்டு போனதாகவும் துலுக்காணம் பிறகு கேள்விப்பட்டான்.

போலீஸ்காரர் கேட்பதற்கு முன்பே வில்பிரட், "தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டார். அபராதமும் கட்டினார். வேதாசலத்துக்கு அதில் பரம திருப்தி. "தப்பை ஒத்துக்கிற ஆள் கிடைக்கிறது லாட்டரி மாதிரிம்மா" என்றார். "ஆனா பணம் அவர் தரப்போறதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி தரணும். அங்கேதான் ஒரு சிக்கல். வாத்தியார் கட்டியிருக்கிற பாலிசியில, கார்ல சும்மா ஏத்திக்கிட்டு வந்தவங்களுக்கும் கம்பெனி கொடுக்கும். வாடகை வாங்கி ஏத்தினா அது டாக்ஸி. சொந்தக் காரை டாக்ஸியா விட்டா கம்பெனி கையை விரிச்சுடும். அதனால, நீ ஓசியில போனே."

"நான் என்னிக்குமே ஓசில போவல சார்."

"கோர்ட்ல போனே. வெளியில வந்து போகலைன்னு சொல்லிக்கோ."

முத்தாலம்மாள் யோசித்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சிமெண்டு மேடை காலியாக இருந்தது. முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு. தெருத்தெருவாக நடந்து விற்கிறவளுக்குக் கால் வேண்டும், உட்கார்ந்து விற்கிறவளுக்கு மேடை போதும். மேடையும் இல்லையென்றால் அவளுக்கு மிச்சமிருப்பது கோயில் வாசல். "சரி சார்" என்றாள். "ஓசின்னே சொல்றேன்."

வில்பிரட்டைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கும் என்று வேதாசலம் நினைத்தார். ஆனால் வாத்தியாரே கோவளத்துக்கு வந்து குடிசைக்குள் குனிந்து நுழைந்து மணலில் உட்கார்ந்தார்.

"பணம் வாங்கலைன்னு சொல்லிடறேன்மா. பைபிள் மேல கை வச்சுத்தான் சொல்லணும். பரவாயில்லை. கர்த்தர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு சார்" என்றாள் முத்தாலம்மாள். "துட்டு அவருக்குத்தானே போச்சு."

வழக்கு செங்கல்பட்டில் நடந்தது. எட்டு வாய்தா. ஒன்பதாவது தடவை விசாரணை. துலுக்காணம் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தான். வேடிக்கை பார்க்கத் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து மூன்று நான்கு மீன்காரிகள் வந்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவள் பொன்னி. இருபது வருஷமாக முத்தாலம்மாளுக்கு எதிர் வியாபாரம், எதிர்ப் பேச்சு.

முதலில் வில்பிரட் கூண்டில் ஏறினார். பணம் ஏதாவது வாங்கினீர்களா என்று கம்பெனி வக்கீல் ஏகநாதன் கேட்டார். "வாங்கலை" என்றார் வில்பிரட். பல் போன இடத்தில் காற்று புகுந்து அந்த வார்த்தை கொஞ்சம் விசிலடித்தது. இறங்கும்போது படியைத் தவறவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து முத்தாலம்மாள். நிற்க வேண்டாம் என்று நாற்காலி போட்டார்கள். ஏகநாதன் ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் பிற்பாடு படித்தது, பேரம் தொட்டிலிலேயே படித்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைக்கு வந்த வாடிக்கை போலச் சிரித்தார்.

"உங்க மீன் ரொம்ப நல்லா இருக்கும்னு தாம்பரத்துல சொல்றாங்களே அம்மா?"

"இருக்கும். வாங்கி துண்ணு பாருங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. முத்தாலம்மாளுக்கு உடம்பு லேசாயிற்று.

"கடனுக்குத் தருவீங்களா?"

"போணி ஆச்சுன்னா தெரிஞ்சவங்களுக்கு தருவேன். அதுக்கு முன்னாடி எங்கப்பனே எழுந்து வந்தாலும் துட்டுதான்."

"எங்க கடையிலயும் அப்படித்தான். முதல் போணி ஆகிற வரைக்கும் எங்கப்பா சும்மா கொடுக்கவும் மாட்டார், சும்மா வாங்கவும் மாட்டார். ராசி போயிடும்."

"கரீட்டு சார். யாவாரம் தெரிஞ்சவரு."

வேதாசலம் இருமினார். இருமல் அவள் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

"ஆனா நீங்க மட்டும் தினம் காலையில, போணிக்கு முன்னாடியே, வாத்தியார் கார்ல ஓசியில ஏறியிருக்கீங்க."

முத்தாலம்மாள் மேடையை நினைத்துக்கொண்டாள். "ஆமா" என்றாள், கூடையின் அடியில் கிடக்கும் மீனை எடுத்துக் காட்டுகிறவள் மாதிரி.

ஏகநாதன் குரலை உயர்த்தவில்லை. பின்வரிசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "பார்க்கப் பெரிய வியாபாரி. பிழைப்பு ஓசிச் சவாரி. தாம்பரத்துக்காரங்களுக்கு இது தெரியாது போலிருக்கு."

பொன்னி சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக வந்த சிரிப்பு. இருபது வருஷமாக அவள் காத்துக்கிடந்த சிரிப்பு.

"யாரு ஓசி?" என்றாள் முத்தாலம்மாள். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தேவிட்டாள். "ஒரு நாளு கூட ஓசில ஏறினவ இல்ல நானு. தெனம் நாலணா. கையில வெச்சிட்டுதான் கூடையே ஏறும். வோணும்னா சாரையே கேட்டுப் பாரு, அவருதான் வாங்கினாரு."

கையை நீட்டி வில்பிரட்டைக் காட்டினாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகநாதன் நன்றாகக் குனிந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சரக்கு கைக்கு வந்த பிறகு நல்ல வியாபாரி பேச்சை வளர்ப்பதில்லை.

வராந்தாவில் வேதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "'ஆமா'ன்னு சொல்லியாச்சு. அதோட வாயை மூடியிருக்கக் கூடாதா?"

"அவ சிரிச்சா சார்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. அவ சிரிப்பு பதினஞ்சாயிரமா?"

முத்தாலம்மாள் அந்தச் சிரிப்புக்கு என்ன விலை போடலாம் என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் மனத்துக்குள் பார்த்தாள். அதற்கு முன்னால் யாரும் அவளை இவ்வளவு நஷ்டத்துக்கு விற்க வைத்ததில்லை.

தீர்ப்பு வந்தது. நஷ்ட ஈடு ஆறாயிரம். கம்பெனிக்குப் பொறுப்பில்லை. வில்பிரட் தன் கையிலிருந்து தர வேண்டும். வேதத்தின் மேல் கை வைத்து வாத்தியார் சொன்னதைப் பற்றி ஜட்ஜ் மூன்று வரி எழுதியிருந்தார். அந்த மூன்று வரியை யாரோ பள்ளி நிர்வாகத்துக்கு எடுத்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குச் சத்தியம் சொல்லித்தருகிற இடம் என்று காரணம் சொல்லி, முழுப் பரீட்சை முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, ஆறாயிரம் வாங்க வேண்டியவளே, அதைத் தர வேண்டியவரின் சம்பளத்தை நிறுத்தியாயிற்று.

கொஞ்ச நாள் பொறுத்தாள். சிமெண்டு மேடையைப் பொன்னி எடுத்துக்கொண்டாள் என்று செய்தி வந்த அன்றைக்கு, ஜப்திக்குப் போகலாம் என்று வேதாசலத்திடம் சொன்னாள்.

கோர்ட் அமீனா அந்தோணிசாமியும் அவளும் மாட்டுவண்டியில் போய் இறங்கியபோது வில்பிரட் வாசலில் இரண்டு பையன்களுக்கு டியூஷன் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மெட்டில்டா கதவோரம் நின்று, "வாங்க" என்றாள். உள்ளே முத்தாலம்மாள் ஒரு சுற்று பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் விலை போடும் கண் அது, அவளே நினைத்தாலும் மூடாது. தகர நாற்காலி மூன்று, ஏழு ரூபாய். சுவர்க் கடிகாரம் ஓடவில்லை, ஐந்து. பீரோ ஒன்று, கண்ணாடி ரசம் போனது, எழுபது தேறும். புளியமரத்தில் மோதிய கார் எப்போதோ இரும்புக்கடைக்குப் போய், அபராதமாகவும் ஆஸ்பத்திரிச் செலவாகவும் மாறியிருந்தது.

"கார்ல நான் குடுத்த நாலணால்லாம் கோயில்லதானே சார் போட்டீங்க?"

"ஆமாம்மா. ஒண்ணுகூட எடுத்துக்கலை."

"அப்ப கோர்ட்டுல அத்த சொல்லிருக்கலாமே. நானும் சொல்லல, நீங்களும் சொல்லல."

"சொல்லியிருந்தாலும் வாங்கினது வாங்கினதுதான்னுட்டார் உங்க வக்கீல். அப்புறம் அவரைக் கேட்டேன்."

மெட்டில்டா பீரோவிலிருந்த துணிமணிகளை எடுத்துப் பாயில் அடுக்கினாள். அமீனா கொண்டுவந்த ஆள் ஒருத்தன்தான், பீரோ நகரவில்லை. துலுக்காணம் கடலுக்குப் போயிருந்தான். வில்பிரட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். வாசற்படியில் பீரோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பாத்து சார்" என்றாள் முத்தாலம்மாள். "கால்ல போட்டுக்கப் போறீங்க."

ஏலத்தில் பீரோ எழுபத்திரண்டுக்குப் போனது. அவள் விலை இரண்டு ரூபாய்தான் தவறியிருந்தது.

இப்போது அவள் கேளம்பாக்கம் முச்சந்தியில் சாக்கு விரித்து உட்காருகிறாள். அந்த ஊரில் மீன் வாங்குகிறவர்கள் கோவளத்துக்கே நடந்து போய் வாங்கிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் கூடையைச் சுற்றி ஈ மட்டும்தான் கிராக்கி. ஈ விரட்டிக்கொண்டு கணக்குப் பார்ப்பாள். எழுதத் தெரியாது, எழுதாமலே தவறாது.

வரவு: ஆஸ்பத்திரியில் வில்பிரட் சார் கொடுத்தது நூற்றுப்பத்து, பீரோ எழுபத்திரண்டு. ஆக நூற்று எண்பத்திரண்டு.

செலவு: ஸ்டாம்பு, மனு நாற்பத்தைந்து. செங்கல்பட்டு போக வர முப்பத்தெட்டு. கக்கத்துக் கட்டை இருபத்திரண்டு. மருந்து முப்பத்தொன்பது. அமீனாவுக்கும் ஆளுக்கும் பன்னிரண்டு. மாட்டுவண்டி எட்டு. வேதாசலத்துக்குப் பீரோவில் ரூபாய்க்கு நாலணா, பதினெட்டு. ஆக நூற்று எண்பத்திரண்டு.

வரவும் செலவும் நேர். தீர்ப்பு ஆறாயிரத்தை அவள் இதில் சேர்ப்பதில்லை, காலையும் சேர்ப்பதில்லை. விலை படியாத சரக்கைக் கணக்கில் வைப்பது அவள் வழக்கம் இல்லை.

ஆனால் கால் போன அன்றைக்குக் கொடுத்த நாலணா தாம்பரம் வரைக்கும். வண்டி வண்டலூரோடு நின்றுவிட்டது. தூரத்தைப் பார்த்தால் வந்தவரைக்கும் மூன்றணா கழிக்கலாம்.

வில்பிரட் சார் பாக்கி, ஓரணா.