பிடுங்கித் தின்னும் பறவை

என் மனைவி வெர்னா கழுகுப் பக்கத்தவள். நான் காக்கைப் பக்கத்தவன். வடகோடிக் கடற்கரைப் பழங்குடியான எங்கள் லிங்கிட் மக்களில் எல்லோரும் தாய்வழியில் இந்த இரண்டு பக்கங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்; ஒரே பக்கத்துக்குள் கல்யாணம் கிடையாது. ஆகவே எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஒரு கழுகும் ஒரு காக்கையும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு குடித்தனம் நடத்துவதைப் பார்க்கலாம். நாங்கள் இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறோம்.

சில்கட் ஆறு கடலைச் சேரும் இடத்தில் உள்ள ஊரில் ஒரு பறவை ஆஸ்பத்திரி இருந்தது. வெர்னாவுக்கு அங்கே மீன் வெட்டுவதும் கூண்டு கழுவுவதும் வேலை. டாக்டர் ஹால்ஸ்டெட் தெற்கேயிருந்து வந்தவர். நல்ல மனிதர், கைராசிக்காரர். ஆனால் ஆறுகள் உறையும் காலத்தில் ஒருமுறைகூட, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து நின்றதில்லை.

அந்த செப்டம்பரில், சாலையில் நசுங்கிக் கிடந்த முயலைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு பெண் கழுகை லாரி அடித்துவிட்டது. வெள்ளைத் தலை முழுக்க ரத்தம். நான்தான் என் கோட்டில் சுற்றித் தூக்கிப்போனேன். ஒடிந்த இறக்கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. இடது காலின் பின்விரலை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. கழுகு மீனைக் குத்திப் பிடிப்பதே அந்த விரலால்தான்.

கழுகை விடுவிக்கும் முன் ஆஸ்பத்திரியில் ஒரு பரீட்சை உண்டு. பெரிய தொட்டியில் மூன்று நாள் உயிர்மீன் விடுவார்கள். பறவை பிடித்துத் தின்ன வேண்டும். இவள் மூன்று நாளும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மீன் நீந்துவதை வேடிக்கை பார்த்தாள். தண்ணீரில் காலை நனைக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கூண்டுதான் என்று டாக்டர் முடிவு செய்தார். எங்கோ ஒரு மிருகக்காட்சிசாலை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தது.

வெர்னா அன்று வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"விடு. உங்க ஆளுங்க என்னைக்கு உழைச்சுத் தின்னாங்க? எவனாவது பிடிச்சு வச்சத அடிச்சுப் பிடுங்குறதுதானே."

"உங்க காக்கா அதுலயும் மிச்சத்தத்தானே பொறுக்குது" என்றாள். கை பழக்கத்தில் கருவாட்டைப் பிய்த்து மீன்நெய்யில் தோய்த்தது. ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நீ சொன்னதுதான் சரி" என்றாள்.

கூண்டில் தான் பார்த்ததை அப்போதுதான் சொன்னாள். இரண்டு கழுகுகள் இருக்கும் கூண்டில் மீன்துண்டைப் போட்டால் இவள் முதலில் இறங்கமாட்டாளாம். மற்றது எடுத்துத் தின்னத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு இரண்டு காலையும் முன்னே நீட்டிக்கொண்டு அதன்மேல் பாய்வாளாம். அது விலகிவிடும். ஒருநாள்கூட இவள் பட்டினி கிடந்ததில்லை.

மறுநாள் டாக்டரிடம் போய், விடுவிக்கும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாளாம். 'காட்டில் தானாக உணவு பெறக்கூடியது' என்று அவர் வாசித்தார். "பெறக்கூடியதுன்னுதானே இருக்கு டாக்டர்? பிடிக்கக்கூடியதுன்னு இல்லையே" என்று கேட்டிருக்கிறாள். வார்த்தையை வைத்து விளையாடக் கூடாது, பறவை செத்துப்போகும் என்றார் அவர். ஒரே ஒரு காலை தன்னோடு வந்து ஆற்றங்கரையில் உட்காரும்படி வெர்னா கேட்டாள். முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

நவம்பர் நடுவில் வந்தார். மற்ற ஆறுகளெல்லாம் உறைந்துகிடக்க, எங்கள் ஊரருகே மட்டும் அடியிலிருந்து ஊறும் வெதுவெதுப்பான நீரால் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். முட்டையிட்டு ஓய்ந்த சால்மன் மீன்கள் சரளைத் திட்டுகளில் செத்தும் சாகாமலும் கிடக்கும். மரத்துக்கு இருபது முப்பது என்று கழுகுகள். டாக்டர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒரு கழுகு கரையொதுங்கிய மீனை மிதித்துக்கொண்டு கிழித்தது. தூக்கிப் பறக்க முடியாத கனம். கிடந்த இடத்திலேயேதான் தின்றாக வேண்டும். நாலு வாய் தின்பதற்குள் இன்னொன்று வந்து விரட்டியது. அதை மூன்றாவது விரட்டியது. ஒரே மீன் ஐந்து முறை கைமாறியது. ஓடும் நீரில் பாய்ந்து மீன் பிடித்த கழுகு அந்தக் காலை முழுக்க ஒன்றுதான். அதுவும் பிடித்ததைப் பறிகொடுத்தது.

மதியம்தான் டாக்டர் தொலைநோக்கியைக் கீழே இறக்கினார். பிறகு, "அவளைக் கொண்டு வாங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து, நான் கூடையைச் சரளையில் வைத்துத் திறந்தேன். அவள் நேராக எதிர்க்கரை மரத்துக்குப் பறந்து ஒரு கிளையில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அசையவில்லை. கழுகு நாட்கணக்கில் பசி தாங்கும் என்று எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பனியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். தப்பு செய்துவிட்டோமோ என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். வெர்னா இருட்டும்வரை அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வயதில் இளைய, இன்னும் தலை வெளுக்காத ஒரு பழுப்புக் கழுகு பெரிய மீனொன்றைத் தண்ணீரிலிருந்து திட்டுக்கு இழுத்து ஏற்றியது. பாவம், வெகுநேரம் இழுத்தது. வயிற்றைக் கிழித்து முதல் துண்டை விழுங்கியதுதான் தாமதம், எதிர்க்கரையிலிருந்து அவள் கிளம்பினாள். இறக்கையடி நிதானமாக இருந்தது. தாழ வந்து, கடைசி நொடியில் மார்பை நிமிர்த்தி இரண்டு காலையும் முன்னே வீசினாள். பழுப்புக் கழுகு மல்லாந்து விழுந்து எழுந்து ஓடியது. அவள் பின்விரல் இல்லாத காலால் மீனை அழுத்திக்கொண்டு தலையைப் பின்னே எறிந்து ஒரு குரல் கொடுத்தாள். பிறகு தின்றாள். தொண்டைக்குக் கீழே தீனிப்பை பந்துபோல உப்பும்வரை தின்றாள்.

"பிடிக்கத் தெரியாதவ இல்ல டாக்டர்" என்றாள் வெர்னா. "பிடிக்கத் தேவையில்லாதவ."

டாக்டர் அதுவரை கையெழுத்திடாமல் வைத்திருந்த படிவத்தை என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் இப்போது இன்னொரு பரீட்சையும் நடக்கிறது: இரண்டு பறவைக்கு ஒரே மீன். அதற்கு வெர்னா பரீட்சை என்றே பெயர். அதில் தேறி நான்கு கழுகுகள் வெளியே போயிருக்கின்றன.

போன வசந்தத்தில் பறவை மருத்துவர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு அவளைப் பேச அழைத்தார்கள். முத்துப் பொத்தான்கள் கோத்த கழுகுச் சின்னம் முதுகை நிறைக்க, விழாக்களில் அணியும் தன் கறுப்புச் சிவப்புப் போர்வையை அணிந்துகொண்டு மேடையேறினாள். எங்கள் முறைப்படி முதலில் தன் பெயர், தாயின் பெயர், தாய்வழி வீட்டின் பெயர், தான் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் சொன்னாள். அதன் பிறகு, படித்த அத்தனை பேர் முன்னாலும், தன் கூட்டத்தார் எப்படிப் பிடுங்கித் தின்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்திலிருந்தவர் இந்த அம்மா யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்று சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.