கூப்பிட்ட பெயர்

என் கணவரின் பெயரை முதல் தடவையிலேயே சரியாகக் கேட்டு எழுதிக்கொண்டவர்கள் யாரும் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டாமல் ‘லிஃப்ட்டு’ என்றே கூப்பிட்டார்கள். “இந்தப் பேரை வச்சுக்கிட்டு ஒரு திருட்டுக்கூடப் பண்ண முடியாதுடி. வேற ஆளே கிடையாது, நேரா வந்து என்னைத்தான் பிடிப்பான்” என்று சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் மாமியாரிடம் அர்த்தம் கேட்டேன். “வாயில வந்துச்சு, வச்சேன்” என்றார். ஆனால் அவர் பிள்ளையை ஒரு நாளும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை, “தம்பி”தான். நான் பால்கனியிலிருந்து பெயர் சொல்லிக் குரல் கொடுத்தால் அவர் முகம் மாறிவிடும். “கிட்டப் போய்ச் சொல்லேம்மா, எதுக்கு ஏலம் விடுற?”

என் கணவர் வயிற்றில் இருந்தபோது மாமியார் வேலை பார்த்த தையல் கம்பெனி இடிந்து விழுந்தது, மறுநாள்தான் அவரை வெளியே எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் அவர் பேசமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம்.

ஒரு நாள் நெஞ்சை வலிக்கிறது என்று உட்கார்ந்த என் கணவர் எழுந்திருக்கவில்லை. பத்திரிகையில் மரண அறிவிப்பு கொடுத்தோம். படம் இல்லை, பெயரும் விலாசமும் மட்டும்.

உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு காலையில், வயதான அம்மா ஒருவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். லிஃப்ட்காரன் வீட்டுக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது; அதையும் என் கணவர் கேலி செய்வதுண்டு. வந்தவர் கையில் அந்த அறிவிப்பு கத்தரித்த துண்டாக இருந்தது.

“இது என் பையன்” என்றார், மூச்சு வாங்க. “எங்கேயோ உயிரோட இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் நம்பல. இத்தனை வருஷமும் இதே ஊர்லயா இருந்தான்? நீ என் மருமகளா?”

கதவை அகலத் திறந்துவிட்டேன்.

“அந்தப் பேரு வேற யாருக்கும் இருக்காதும்மா. அவங்கப்பா தானா யோசிச்சு வச்சது, அவங்க ஆளுங்க பேசின பழைய பாஷையில. முன்னாடி பிறந்த ரெண்டும் தங்கல. ‘கூப்பிட்டா வந்துரணும்’னு அர்த்தம். தையல் கம்பெனியில இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தான். கட்டடம் விழுந்துச்சு. உடம்பு கிடைக்கவே இல்ல. கிடைக்கலன்னா சாகலன்னுதானே?”

அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய் என் கணவரின் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இவன் இல்ல.”

படம்தான் தப்பாகச் சொல்கிறது என்பதுபோல, அதைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். தெருமுனையில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, கடைசி எழுத்தை இழுத்து.

“இங்க இருக்கேன்!”

உள்ளறையிலிருந்து வந்தது. பிள்ளை போன நாளிலிருந்து வாயே திறக்காத என் மாமியாரின் குரல். ஆனால் நான் அறிந்த குரல் அல்ல, சின்னப் பெண்ணின் குரல். “இங்க இருக்கேன், இங்க இருக்கேன்” என்று சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

வந்தவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நீங்கதான். இடிஞ்சு கிடந்ததுக்கு மேல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. யாரும் பதில் சொல்லல. என் பேரைக் கூப்பிட ஆளில்ல. அதான் நான் ‘இங்க இருக்கேன்’னு சொன்னேன்.”

“சத்தம் கேக்குதுன்னு கையாலயே தோண்டினேன்” என்றார் அந்த அம்மா. “வெளிய வந்தது நீ. உன்னைத் தாண்டிப் போய் மறுபடியும் கூப்பிட்டேன்.”

“கேட்டுச்சும்மா. என்னைத் தூக்கிட்டுப் போறப்பவும் கேட்டுச்சு. அப்புறமும் காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பேருக்குப் பதில் சொல்ல ஒருத்தன் இருக்கட்டும்னுதான்…”

அந்த அம்மா காகிதத் துண்டை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கூப்பிட்டா உன் புருஷன் வருவானா?”

“முதல் குரலுக்கே வந்துருவார்.”

அவர் வாசல் பக்கம் திரும்பி இன்னொரு முறை கூப்பிட்டார், இந்த முறை மெதுவாக. மூன்று பேரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.