பத்து எண்ணும் விளக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு பயணக் கட்டுரைக்காகக் கலங்கரை விளக்கம் பார்க்கப் போயிருந்தேன். டிக்கெட் வரிசையில் முன்னால் நின்ற ஓய்வுபெற்ற நர்ஸம்மா, நான் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதுறவரா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ அந்த போர்டுல இருக்கறது பொய்னு எழுதுங்க."

கோபுரத்தின் வாசலில் வரலாற்றுப் பலகை இருந்தது. அதில் கடைசிப் பத்தி இது:

'புயல் இரவொன்றில் விளக்குக் காவலர் எந்திரத்துக்குச் சாவி கொடுக்காமல் உறங்கிவிட்டதால் விளக்கு சுழலாமல் நின்றது. சரக்குக் கப்பல் பாறையில் மோதி, ஒருவரைத் தவிர அனைவரும் மாண்டனர். காவலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். துறைமுக விளக்கைப் பார்த்தே திரும்பினோம் என்று பிழைத்தவர் கூறியது ஏற்கப்படவில்லை.'

"அது எங்கப்பா" என்றார் நர்ஸம்மா. "அவர் தூங்கல."

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'அலைகள் ஆர்ப்பரிக்கும் கரையில் கம்பீரமாக நிற்கும் —' (கம்பீரமாக நிற்காத கலங்கரை விளக்கத்தை எந்தக் கட்டுரையிலாவது பார்த்திருக்கிறீர்களா? அடித்துவிட்டேன்.)

'மழை. காற்று. இருள்.' (எனக்கே கூச்சமாக இருந்தது.)

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஆளை விடப் பெரிய பழைய கண்ணாடி விளக்கு இப்போது கீழ்த்தளத்தில், 'தொடாதீர்' என்ற அட்டையோடு இருக்கிறது. குழந்தைகள் அதில் தங்கள் முகம் கோணலாகத் தெரிவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உச்சியில் இருப்பது ஒரு குடம் அளவுக்கு ஏதோ ஒன்று. டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன்.

"தானா எரியும், தானா அணையும் சார். இங்க ஆளே தேவையில்ல. நானே டிக்கெட் கிழிக்கத்தான் இருக்கேன்" என்றார். "சீக்கிரம் இறங்கிடுங்க, பூட்டணும்."

படி ஏறும்போது மூச்சு வாங்கியது. மேலே ஒரு ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. பாறைகள் தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்தன. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

[இடையில் ஒரு விளக்கம். சோம்பேறி வாசகர்கள் இதைத் தாண்டக்கூடாது, கதையே இதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு தாளம் உண்டு. இந்த விளக்கு, நிதானமாகப் பத்து எண்ணினால் ஒரு முறை மின்னும். அடுத்திருக்கும் துறைமுக விளக்கு ஆறுக்கு ஒரு முறை. கப்பல்காரன் எண்ணிப் பார்த்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வான். பத்து என்றால் பாறை, விலகு. ஆறு என்றால் துறைமுகம், உள்ளே வா.]

3

எதிரிலிருந்த டீக்கடையில் நர்ஸம்மா சொன்னது:

"அன்னிக்குப் பல்சக்கரம் உடைஞ்சுபோச்சு. விளக்கு சுத்தல. அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில. வீட்ல நானும் அப்பாவும் மட்டும்தான். சாயங்காலத்துலேருந்து அவரே கையால சுத்திக்கிட்டிருந்தார். எவ்வளவு நேரம்தான் சுத்துவார்? சக்கரத்தச் சரிபண்ணக் கீழ போகணும். என்னக் கூப்பிட்டு, 'பாப்பா, பத்து எண்ணி முடிக்கறப்ப ஒரு சுத்து. நிறுத்திடாதே'ன்னார்."

"நீங்க சுத்துனீங்களா?"

"பின்ன! கண்ணாடி அதிருது, காத்து ஊளையிடுது, எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது. ஆனா ஒரு தடவ கூட நிறுத்தல தம்பி." முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா மேல வந்தப்ப கப்பல் மோதியிருந்துச்சு. என்னத் தூக்கிக் கீழ கொண்டுபோய்ப் படுக்க வெச்சார். 'நீ மேல வந்ததே யாருக்கும் தெரியக்கூடாது'ன்னார். பிள்ளைங்க அங்க ஏறக்கூடாதுன்னு ரூல் இருந்துச்சு. அவர் வேலை போயிடும்னு நானும் வாயத் திறக்கல. அப்படியும் வேலை போச்சு. ஊரே அவரத் தூங்குமூஞ்சின்னுச்சு. ஸ்கூல்ல நான் தூங்குமூஞ்சி மக. அந்தப் பேரோடதான் செத்தார்."

"எப்படி எண்ணுனீங்க?" சும்மாதான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் டீ மேசையில் விரலால் வட்டம் போட்டபடி எண்ணினார். ஒண்ணு ரெண்டு மூணு நாலு... நானும் மனதுக்குள் நிதானமாக எண்ணினேன்.

அவர் பத்தை முடித்தபோது நான் ஆறில் இருந்தேன்.

4

இந்தப் பகுதியை எழுதாமல் விட எவ்வளவோ பார்த்தேன்.

பிழைத்தவன் உளறவில்லை. ஆறுக்கு ஒரு முறை மின்னியதை அவர்கள் பார்த்தார்கள். துறைமுகம் என்று நினைத்துத் திரும்பினார்கள். அப்பாவுக்கு அது விளங்கியிருக்கும். விழித்திருந்தேன் என்று சொன்னால், யார் சுற்றியது என்ற கேள்வி வரும். அதனால் தூங்கிவிட்டேன் என்றார். மகளிடம் வந்து சேராதபடி அந்தக் கேள்விக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார்.

இத்தோடு விட்டிருக்கலாம். இருந்தாலும் எழுத்தாளன் புத்தி போகுமா? பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது.

முதல் வடிவில், 'நர்ஸம்மாவுக்கு எதுவும் தெரியாது' என்று எழுதினேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். ஆயுள் முழுக்க மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணியவர். பயந்த உடம்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அடித்துவிட்டு, 'தெரியும். தன் வாயால் சொல்ல முடியாததை என் கையால் எழுதவைக்க வந்தார்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அந்த மலர்ந்த முகத்தை நான் பார்த்தேனே.

5

முடிவு அ: பலகையில் அந்த வரியை அழித்து, 'காவலர் உறங்கவில்லை' என்று எழுதுகிறார்கள். நர்ஸம்மா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். (டிக்கெட் வாங்க நிற்கும் ஏதாவதொரு குழந்தை, 'அப்புறம் ஏன் தூங்கினேன்னு சொன்னார்?' என்று கேட்கும்வரை நன்றாக இருக்கும்.)

முடிவு ஆ: நான் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைப் பார்த்து

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

முடிவு இ: கதையைக் கிழித்துப் போடுகிறேன். அப்பா தூங்குமூஞ்சியாகவே இருக்கிறார். அவர் விரும்பியதும் அதைத்தான்.

6

இப்போது நர்ஸம்மாவின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கண்புரையால் அவருக்குச் சின்ன எழுத்துகள் தெரிவதில்லை. "படிச்சுக் காட்டுங்க தம்பி, ஒரு எழுத்தும் விடாம" என்று சொல்லியிருந்தார். சுவரில் அப்பாவின் படம் இல்லை. நல்லதாக ஒன்றும் அகப்படவில்லையாம்.

மூன்றாம் பகுதியின் கடைசிவரை வந்துவிட்டேன். தன் பேச்சைத் தானே கேட்கையில் சிரித்துக்கொண்டார். 'ஒரு தடவ கூட நிறுத்தல தம்பி' என்ற இடத்தில் தலையாட்டினார். விரலால் வட்டம் போட்டார் என்ற வரி வந்தபோது, அவர் விரல் தானாகவே நாற்காலிக் கையில் சுற்றத் தொடங்கியது. 'நான் ஆறில் இருந்தேன்' என்ற வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அடுத்தது என்ன?"

அடுத்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் படித்துவிட்டீர்கள். அவர் இன்னும் கேட்கவில்லை. பலகைக்கு நான் எழுதிவைத்த புது வரி கடைசிப் பக்கத்தில் இப்படிப் பாதியில் நிற்கிறது:

'அன்றிரவு விளக்கு நிற்கவில்லை. அதைச் சுற்றியவர் ____________'

"சொல்லுங்க தம்பி" என்கிறார் நர்ஸம்மா. அவர் விரல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்பு போல வேகமாக இல்லை.