சார்ந்தவரின் முகவரி

கணவன் வீட்டைவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகியும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம், அவன் முழுசாகப் போகவில்லை என்பதுதான். பள்ளி விட்டதும் மகளை அழைத்துக்கொண்டு பூங்காவில் கொஞ்ச நேரம் விளையாட விடுவான். அவள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து அடுக்குமாடியின் கீழ்க்கதவு வரை வந்து, மணியை அடித்து, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுப் போய்விடுவான். நான்காவது மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் அவன் உச்சந்தலை மட்டும் தெரியும்.

அவள் ஒரு பல் லேபில் வேலை பார்த்தாள். டாக்டர்கள் அனுப்பும் தாடை அச்சுக்குப் பொருத்தமாகப் பீங்கான் பல் செய்கிற வேலை. பொடியைக் குழைத்து, தூரிகையால் ஒவ்வொரு அடுக்காக ஏற்றி, உலையில் வைத்துச் சுட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். அந்த வேலையை நம்பித்தான் அந்த நாடு அவளுக்கு விசா கொடுத்திருந்தது. கணவனும் மகளும் அவளைச் சார்ந்தவர்கள். அவர்களுடைய அட்டையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது: சார்ந்தவர்.

சண்டைக்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம். ஊரில் அவன் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். இங்கே வீடு மாற்றித்தரும் கம்பெனியில் பெட்டி தூக்கினான். அந்த வேலையை அவன் கேவலமாக நினைக்கவில்லை. ஆனால் திரும்பிப் போய்விடலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேச்சு முற்றியது. "இது உன் வீடு, உன் விசா. நான் கூட வந்த சாமான்" என்று சொல்லிவிட்டு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவன்தான்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலையில் குடிவரவு அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. மூவருடைய விசாவையும் புதுப்பிக்க வேண்டிய நேரம். அதற்கு முன் வரும் வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, பதிவில் உள்ளவர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்களா என்று பார்ப்பார். வெளிநாட்டவர் யார் இடம் மாறினாலும் இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைத் தெரிவித்திருக்க வேண்டும். சார்ந்தவர் மாறினால் அதற்கு அழைத்து வந்தவரே பொறுப்பு என்பதையும் கடைசி வரியில் நினைவூட்டியிருந்தார்கள்.

கெடு தாண்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. லேபின் பின்கட்டுக்குப் போய் அவனுக்குப் போன் செய்தாள்.

"எங்க தங்கியிருக்கீங்க?"

"ஒரு இடத்துல."

"அந்த இடத்துக்கு ஒரு நம்பர் இருக்கும்ல? ஒரு தெரு இருக்கும்ல?"

"உனக்கு எதுக்கு அது?"

"எனக்கு வேண்டாம். இமிகிரேஷனுக்கு வேணும்."

"அப்ப அவங்களே வந்து கேக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்றைக்கு அவள் சுட்டெடுத்த முன்பல் இரண்டும் விரிசல் விட்டிருந்தன. பக்கத்து மேசைக்காரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லேபில் தமிழ் பேசுகிற இன்னொருத்தி அவள்தான். மெழுகில் பல் செதுக்குவதில் கைதேர்ந்தவள் என்பதால் எல்லோருக்கும் மெழுகு அக்கா.

"என்னடி இது, பல்லா, பழைய பானையா? ஒரு வாரமா உன் கை உன்கிட்ட இல்ல. என்ன விஷயம்?"

இத்தனை நாள் அடக்கிவைத்தது அங்கேயே கொட்டிவிட்டது. மெழுகு அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஆம்பளைக்கு ரோஷம் வந்தா போன இடம் சொல்ல மாட்டான். அது சரி. ஆனா கவர்மென்டுக்கு ரோஷம் வந்தா உன்னையும் சேத்து இல்ல அனுப்பிடும்? என் நாத்தனார் வீட்டுக்காரர் தெருவுக்குள்ளயே நாலு வீடு தள்ளிப் போனார். சொல்ல மறந்துட்டார். அதுக்கே எத்தனை தடவை கூப்பிட்டு விசாரிச்சாங்க தெரியுமா? நீ போய் நேர்லயே பாரு. அந்தாளு எங்க படுக்கறான்னு உனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

"இன்னொருத்தி வீடா இருந்தா?"

"இருந்தா அந்த முகவரியக் குடு" என்றாள் மெழுகு அக்கா. "ஏன் முழிக்கற? சிரிக்கத்தான் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் முழுக்க இருப்புக் கொள்ளாமல் திரிந்தாள். வீட்டில் வாசல்மணி அடித்தால் திடுக்கிட்டாள். லிப்டில் யாராவது சீருடையில் ஏறினால் படியில் இறங்கினாள். மகள், "அப்பாவுக்கு வேலை எப்பம்மா முடியும்?" என்று கேட்டதற்கு, "தட்டை எடு" என்று எரிந்து விழுந்தாள். வெளியூர் வேலை என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தது. தினமும் சாயங்காலம் வந்துவிடுகிற வெளியூர் அது. ஏழு வயசுப் பிள்ளை இதையெல்லாம் நம்பியதா, நம்புகிற மாதிரி நடித்ததா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவன் கம்பெனிக்குப் போனாள். ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட பெரிய குடோன். வாசலில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவள் யார் என்று தெரிந்ததும் பேனாவை மூடினார். உள்பக்கம் கை காட்டினார்.

உள்ளே பலகையால் தடுத்த அறைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான். புது வீடு தயாராகாதவர்கள், நாட்டைவிட்டுத் தற்காலிகமாகப் போனவர்கள், சாமானைப் பிரிக்க முடியாமல் வழக்கு நடத்துகிறவர்கள். கட்டில் கால்களும் சைக்கிள்களும் சுருட்டிய விரிப்புகளுமாகக் கூரை வரை அடுக்கியிருந்தது. கடைசி வரிசைக்கு முந்தினதில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நீள சோபாவில் போர்வையை நான்காக மடித்துக்கொண்டிருந்தான் அவன். யாருடையதோ ஒரு கோட் ஸ்டாண்டில் அவனுடைய நீலச் சட்டை தொங்கியது. அவள் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்த சட்டை.

அவளைப் பார்த்ததும் போர்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டான்.

"இங்கயா?" என்றாள்.

"இங்க தங்கக் கூடாது. வாசல்ல இருக்காரே, அவர் கண்டும் காணாம விட்டிருக்கார்."

"கேட்டேனே. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? பத்திரம் எழுதற மாதிரி, கிழக்கே பியானோ, மேற்கே வாஷிங் மிஷின், இதற்கு உட்பட்ட சோபா ஒண்ணுன்னா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது. சிரிக்கவைத்ததற்காகவும் சேர்த்து.

"ஒரு ரூம் எடுக்கத் தெரியாதா உங்களுக்கு? படிச்சவர்தானே?"

"கேக்காமலா இருப்பேன்? ஏழு இடம் போனேன். அட்டையப் பாக்கறாங்க. சார்ந்தவரா, அப்ப கூட்டிட்டு வந்தவங்க கையெழுத்து வேணும்ங்கறாங்க. உன்னோட சண்டை போட்டுட்டு, உன்கிட்டயே கையெழுத்துக்கு வந்து நிக்கணும். எனக்கு அது முடியல."

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. இவன் தினமும் இந்தச் சத்தத்தோடுதான் புரண்டு படுக்கிறான் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதைச் சொன்னாள்.

"வீட்டுக்கு வாங்க."

"பேப்பருக்காகவா?"

"ஆமா, பேப்பருக்காகத்தான். மத்ததுக்கு எனக்கே பதில் தெரியல. பொய் சொல்லிக் கூப்பிடவா?"

அவன் போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தான். "வேண்டாம். இதுவே போதும். வரேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் பையோடு மேலே வந்தான். மகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். மனைவி அவனுடைய செருப்பை வாசலில் பார்வையில் படும்படி வைத்தாள். பிரஷ்ஷைக் குளியலறைக் கோப்பையில் போட்டாள். அலமாரியில் அவன் பக்கம் என்று ஒன்றை மறுபடி உண்டாக்கினாள். எல்லாம் முடிந்ததும் வீடு ஒரு நாடகத்துக்குத் தயாரான மாதிரி இருந்தது.

"எந்த ஷெல்ப்ல சர்க்கரை இருக்குன்னு கேட்டா?" என்றாள்.

"மேல் ஷெல்ப்."

"மாத்திட்டேன். கீழ் ஷெல்ப்."

"எப்ப மாத்தின?"

"நீங்க போனப்புறம்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். மகள் அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்தான்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஐம்பது வயசிருக்கும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது, லிப்ட் அன்றைக்கென்று பழுது. தண்ணீர் கொடுத்ததும் நன்றி சொல்லிக் குடித்தாள். அறைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். அலமாரியைத் திறக்கவில்லை, சர்க்கரையைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நீங்கள் தொடர்ந்து இந்த வீட்டில்தான் குடியிருக்கிறீர்களா?"

"ஆமாம்" என்றான் அவன். தடுமாறவே இல்லை. வகுப்பில் விதியைச் சொல்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னான்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதிகாரி விரலைத் தூக்கினாள், இன்னொரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் மனைவிக்கு அது உறைத்தது. இந்தப் பெண் படியிறங்கியதும் இவன் பையைத் தூக்குவான். மறுபடி பியானோவுக்கும் வாஷிங் மிஷினுக்கும் நடுவில் போய்ப் படுப்பான். அவன் அந்தக் குடோனில் இல்லவே இல்லை என்று உலகத்துக்கு எழுதிக்கொடுத்தவள் அவளாக இருப்பாள்.

"இல்ல மேடம்" என்றாள். "மூணு வாரத்துக்கு மேல இவர் இங்க இல்ல."

அவன் திரும்பிப் பார்த்த பார்வையை அவளால் நேர்கொள்ள முடியவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. "எங்களுக்குள்ள சண்டை. போனார். ரூம் எடுக்க என் கையெழுத்து கேக்கறாங்களாம். அவர் என்கிட்ட கேக்கல, நானும் விசாரிக்கல. முகவரி குடுக்காம விட்டது என் தப்பு. அவருக்குக் குடுக்கறதுக்கு ஒரு முகவரியே இல்ல."

அதிகாரி டேப்லெட்டை மடியில் வைத்தாள். மகளையும் சேர்த்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கேட்டது அவரை" என்றாள்.

"தெரியும் மேடம்."

"அவர் சொன்னதை நான் எழுதியிருந்தால் உங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும்." பெருமூச்சு விட்டு எழுந்தாள். "இப்போது எழுத முடியாது. திங்கட்கிழமை இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வாருங்கள்."

கதவு சாத்தியதும் அவன் கொதித்தான்.

"கூப்பிட்டுட்டு வந்து காட்டிக்குடுத்துட்டியே! இதுக்கு நான் வராமலே இருந்திருப்பேனே!"

"நீங்க ஆமான்னு சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கல."

"உனக்காகச் சொன்னேன்டி."

"தெரியும். அதான் பிடிக்கல."

அவன் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் பசித்துத்தான் இருவரும் உள்ளே வந்தார்கள். திங்கட்கிழமை வரை அந்த வீட்டில் தேவைக்கு மேல் யாரும் பேசவில்லை. அவன் பாயிலும் அவள் கட்டிலிலும் புரண்டுகொண்டே இருந்தார்கள். இந்த நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டால் லேபில் யாரிடம் சொல்வது, பிள்ளையின் பள்ளி என்னாவது என்று அவள் மனசு காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது. அவன் கேட்டதே நடந்துவிடும், அதுவும் இப்படி என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"தனி முகவரிக்கான காரணம்? பிரிவு, வேலை, வேறு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிவு என்று யார் முதலில் சொல்வது என்று இருவருமே பயந்தது, இருவருக்குமே தெரிந்தது.

"வேற" என்றான் கணவன்.

"வேறு என்றால் விளக்கம் வேண்டும்."

"இன்னும் முடிவு பண்ணலன்னு போடுங்க" என்றாள் அவள்.

இளைஞன் விசைப்பலகையில் கை வைத்தபடி யோசித்தான். "அப்படி ஒரு விளக்கம் இதுவரை வந்ததில்லை" என்று சொல்லி, அதையே தட்டினான்.

தாமதத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். மூன்று வருஷத்துக்குக் கிடைக்க வேண்டிய விசாவை ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். இனிமேல் அவன் முகவரியை அவனே தெரிவிக்கலாம், ஆனால் அறை எடுக்க அவளுடைய சம்மதம் வேண்டும் என்றார்கள். அவள் அங்கேயே கையெழுத்துப் போட்டாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து அவளிடம் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போனாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டவ். நாற்காலியில் அவளை உட்காரவைத்து டீ போட்டான். டீயில் சர்க்கரை அதிகம். கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இன்னும் திரும்பிப் போகணும்னுதான் நினைக்கறேன்" என்றான்.

"நான் இன்னும் வேண்டாம்னுதான் நினைக்கறேன்."

"ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பையன் மறுபடி கேப்பானே."

"கேக்கட்டும். அதுவரைக்கும் பேசலாம். நீங்க எங்க இருக்கீங்கன்னாவது எனக்குத் தெரியுதே."

மகள் அவன் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுப்ப இருவருக்கும் மனசு வரவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று அவள் இன்னும் கொஞ்சம் டீ கேட்டாள். இந்தத் தடவை சர்க்கரை குறைவாக.